இரண்டு புள்ளிக்குக் கீழே

பழவேற்காடு
3 ஜனவரி 2025

வினோதினிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் யார் என்று தெரிந்திருக்கும். உன் அண்ணி ஜமுனாதான். கிழிப்பதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

நீ சிவகுமாரைக் கட்டிக்கொண்டு போன அன்றைக்கு, உன்னோடு யார் பேசினாலும் ஊருக்குத் தண்டம் கட்ட வேண்டும் என்று தலைவர் ராஜவேலு சொன்னார். நாலு வருஷமாக நானும் பேசவில்லை. ஆனால் எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. போனை வாங்கி யாருக்குப் போட்டாய், எவ்வளவு நேரம் பேசினாய் என்று பார்க்கிறார்கள். கடிதாசியை இந்தக் காலத்தில் யார் தேடப்போகிறார்கள்? பதில் எழுதினால் வீட்டு விலாசத்துக்கு வேண்டாம். பழவேற்காடு பஸ் நிற்கிற இடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் லோகநாயகி பேருக்கு அனுப்பு. கருவாடு போட வரும்போது வாங்கிக்கொள்வேன்.

உன் அண்ணன் போய் இன்றோடு ஐம்பது நாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏரி வாயில் மணல் வாருகிற கம்பெனி தண்ணீருக்குக் குறுக்கே கட்டியிருந்த கம்பி வடத்தில் மோதித்தான் படகு கவிழ்ந்தது. விடியற்காலை, சரியாகக் கண் தெரியாத நேரம். உன் அண்ணன் போய்விட்டார், கூடப் போன பச்சைமுத்து அண்ணன் நீந்திக் கரை ஏறினார். கம்பெனியோ அப்படி ஒரு வடமே கட்டவில்லை என்கிறது. இப்போது சென்னையில் ஒரு விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தமிழ் தெரியாதாம். பிப்ரவரி 28க்குள் நான் இங்கிலீஷில் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். வக்கீல் ஒருவர் எழுதிக் கொடுத்தார், அதில் உன் அண்ணனின் சிங்காரம் என்ற பேரே தப்பு. நாளைக்குக் கேள்வி கேட்டால் பதில் சொல்லப்போவது நான்தானே? அதனால் நானே எழுதிவிட்டேன். ப்ளஸ் டூவில் இங்கிலீஷில் நூற்றுப் பன்னிரண்டு வாங்கியவள், மறந்துவிடாதே.

அடுத்தவர் இங்கிலீஷைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறாய் என்று உன் அண்ணன் என்னிடம் மட்டும் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார். இதையும் திருத்திக் கொடு. முக்கியமாக அந்த இரண்டு புள்ளி. மேலே ஒன்று கீழே ஒன்று வைப்பார்களே, அது எங்கே வரும் எங்கே வராது என்று தெரியவில்லை. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் வைத்திருக்கிறேன்.

உன் நைனா வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். என் மகள் பூவிழி இப்போது மூன்றாம் வகுப்பு. அத்தை உன் ஜாடை அப்படியே வருகிறது, வாயும்தான்.

ஜமுனா


சென்னை
9 ஜனவரி 2025

அண்ணி,

கிழிக்கவில்லை. இரண்டு நாள் திறக்கவும் இல்லை.

நவம்பர் பதினைந்தாம் தேதி காலை ஆறு மணியிலிருந்து குப்பத்து வேலிக்கு வெளியே நின்றேன். கூடப் பிறந்தவனின் முகத்தைப் பார்க்க என்னை விடவில்லை. நீங்கள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டீர்கள். அதைப் பற்றி ஒரு வரி இல்லை, இரண்டு புள்ளியைப் பற்றி மட்டும் கேட்கிறீர்கள். உங்கள் துணிச்சல் யாருக்கும் வராது.

சரி, புள்ளி.

நான்கு பக்கத்தில் முப்பத்தொரு கோலன் வைத்திருக்கிறீர்கள். இருபத்தாறு தப்பு. தமிழில் இதற்கு முக்காற்புள்ளி என்று பேர், பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். முழு நிறுத்தமும் இல்லை, அரை நிறுத்தமும் இல்லை. அதற்கு முன்னால் வருவது தன் காலில் நிற்கிற வாக்கியமாக இருக்க வேண்டும். ‘தொலைந்த பொருட்களாவன’ என்று பாதியில் நிறுத்திவிட்டுப் புள்ளி வைக்காதீர்கள். ‘நாங்கள் இந்தப் பொருட்களை இழந்தோம்’ என்று முடித்துவிட்டு வையுங்கள். புள்ளிக்கு முன்னால் இடைவெளி விட வேண்டாம், பின்னால் ஒன்று போதும். அப்புறம் அந்த வால். கோலனுக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்திருக்கிறீர்களே, அது தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர்களிடம் ஒட்டிக்கொண்ட பழக்கம். வாலை வெட்டுங்கள். விடிகாலை 5:30 என்று எழுதியதில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

என் ஆபீசில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். கோலன் வைப்பது வாக்குக் கொடுப்பது. ‘இதோ சொல்கிறேன்’ என்று படிக்கிறவரை நிறுத்தி வைக்கிறீர்கள். அடுத்து அதை முழுசாகச் சொல்லிவிட வேண்டும்.

படகில் இருந்த சாமான்களை வலை முதலியன என்று எழுதியிருக்கிறீர்கள். முதலியன எல்லாம் அங்கே செல்லாது. அன்று காலை நீங்கள் எதையெல்லாம் ஏற்றி அனுப்பினீர்களோ அத்தனையும் எழுதுங்கள், கரண்டியாக இருந்தாலும் சரி. இரண்டாம் பக்கத்தில் பாடு என்ற சொல்லை அப்படியே விட்டிருக்கிறீர்கள். டெல்லிக்காரருக்குப் பாடு என்றால் என்ன தெரியும்? விளக்க வேண்டும்.

நைனா என்னைப் பற்றிக் கேட்கிறாரா?

வினோதினி


பழவேற்காடு
18 ஜனவரி 2025

வினோ,

இரண்டு புள்ளிக்கு இத்தனை சட்டமா? நம் பஞ்சாயத்திலேயே இவ்வளவு கிடையாது. உன் கடிதாசியை லோகநாயகி கடையில் நின்றபடியே மூன்று தரம் படித்தேன். “இன்னாடி, லவ் லெட்டரா?”னு கேட்கிறாள். ஆமாம், நாத்தனார் லவ் லெட்டர், திட்டித்தான் எழுதுவாள் என்றேன்.

முகத்தை மூடியதற்குக் காரணம் கேட்டாய். அன்றைக்கு உன்னைப் பார்த்தால் வேலியைத் தாண்டி ஓடி வந்து உன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பேன். அப்புறம் உன் அண்ணனைத் தூக்க நாலு பேர் வந்திருக்க மாட்டார்கள். தோள் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது வினோ. அதற்காக மூடிக்கொண்டேன். தப்புத்தான். ஆனாலும் மறுபடி அந்த நாள் வந்தால் மறுபடி மூடத்தான் செய்வேன்.

பாடு பற்றி இப்படி எழுதலாமா, பார்த்துச் சொல். எங்கள் ஊரில் ஏரி எல்லாருக்கும் பொது, ஆனால் ஒருவருக்கும் சொந்தமில்லை. அதற்கு ஒரு முறை இருக்கிறது: எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்று கோயிலில் பேர் வாசிப்பார்கள். அதுதான் பாடு. ஒரு வீட்டுக்கு இருபத்திரண்டு நாளைக்கு ஒரு தரம் வரும். பேர் உள்ளவர்கள் மட்டுமே அந்தப் படகில் ஏறலாம், வெளி ஆளை ஏற்றினால் பாடு போய்விடும். புருஷன் செத்தாலும் அவன் பேரில் குற்றம் இல்லையென்றால் பெண்டாட்டிக்கு மூன்று வருஷம் பாடு உண்டு. பேர் உள்ள ஆளை வைத்து வலை போட்டுப் பாதியை எடுத்துக்கொள்ளலாம். எனக்கும் பூவிழிக்கும் நைனாவுக்கும் இப்போது சோறு போடுவது அதுதான். பார், ‘முறை இருக்கிறது’ என்று முடித்துவிட்டுத்தான் புள்ளி வைத்தேன்.

சாமான் பட்டியல். நாங்கள் இந்தப் பொருட்களை இழந்தோம்: சுற்று வலை ஒன்று, படகு தள்ளுகிற கோல் ஒன்று, ஐஸ் பெட்டி ஒன்று, டார்ச் ஒன்று, மழைச் சட்டை இரண்டு, தண்ணீர் கேன் ஒன்று, தூக்குச் சட்டி மூன்று.

பொங்கல் வைக்கவில்லை. பூவிழி மட்டும் பக்கத்து வீட்டில் கரும்பு தின்றாள். அம்மணி தினமும் வந்து கொல்லைப்பக்கம் உட்கார்ந்துகொள்கிறாள். உனக்குத் தெரியுமே, ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பானே ரங்கன், அவன் பெண்டாட்டி. ரங்கன் எங்கேயோ போய்விட்டான். சூளூர்ப்பேட்டைப் பக்கம் வேறொருத்தியோடு இருக்கிறான் என்று ஊரில் பேசுகிறார்கள். அவளுக்குக் கஞ்சி ஊற்றி அனுப்புகிறேன்.

நைனா உன்னைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால் பொன்னேரி பஸ் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறார்.

ஜமுனா


சென்னை
23 ஜனவரி 2025

அண்ணி,

பாடு பத்தி நன்றாக இருக்கிறது. அந்தக் கோலன் நூற்றுக்கு நூறு. எங்கள் ஆபீசில் எம்.ஏ. படித்தவர்களுக்கே இது வராது. முந்தானை விஷயத்தில் என் கோபம் பாதி குறைந்திருக்கிறது. மீதியை இப்போது கேட்காதீர்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அச்சுக்குப் போகிற பக்கத்தில் ‘ஐந்து காரணங்கள்’ என்று போட்டு நான்கு கொடுத்திருந்தால் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதனால் எண்ணுகிற புத்தி என்னை விடாது. படகில் அண்ணனும் பச்சைமுத்துவும் என்று எழுதியிருக்கிறீர்கள். மழைச் சட்டை இரண்டு, சரி. தூக்குச் சட்டி மூன்று.

அண்ணன் இரண்டு தூக்கு சாப்பிடுகிற ஆள் இல்லை. காலையில் பாதி இட்லியை எனக்குத் தள்ளிவிட்டுப் போவான். சுற்று வலை போட மூன்று பேர் வேண்டும் என்று நானே சின்ன வயதில் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். பிறந்த ஊர் விலக்கி வைத்தாலும் கண்ணில் பார்த்தது மறந்துவிடுமா?

மூன்றாவது தூக்கு யாருக்கு அண்ணி?

வினோதினி


பழவேற்காடு
30 ஜனவரி 2025

வினோதினிக்கு,

தூக்குச் சட்டி மூன்று என்பது கைத்தவறு. இரண்டு என்று திருத்து. உன்னிடம் கேட்டது புள்ளியைப் பற்றித்தான். என் அடுப்படியில் வந்து சட்டியை எண்ணச் சொல்லவில்லை.

நீ போனபோது உன் அம்மா மூன்று மாதம் என் மடியில் அழுதாள். செத்தபோது வாயில் தண்ணீர் விட்டது நான். நைனாவுக்கு முதுகு தேய்த்து விடுவது நான். நீ சென்னையில் உட்கார்ந்து சிவப்பு மையால் வட்டம் போடுகிறாய். மடியில் கனம் இல்லாதவளுக்கு வழியில் என்ன பயம்?

டைப் அடித்து அனுப்பினால் போதும். மற்றபடி எழுத வேண்டாம்.

ஜமுனா


சென்னை
3 பிப்ரவரி 2025

அண்ணி,

அம்மாவுக்குத் தண்ணீர் விட்டதைச் சொல்லிக்காட்டினீர்கள். சொல்லுங்கள், உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்தக் கடனை நான் எப்படியும் தீர்க்க முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்திருக்கிறது. கைத்தவறைத் திருத்தச் சொல்கிறவர் அவ்வளவு அழுத்தி எழுத மாட்டார்.

நான் ஊரிடம் சொல்லப்போவதில்லை. சொல்லவும் எனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? விசாரணைக் குழுவிடமும் சொல்ல மாட்டேன். வாக்குமூலம் உங்களுடையது. ஆனால் இரண்டு என்று என் கையால் மாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.

அம்மணியின் புருஷன் எந்தத் தேதியிலிருந்து காணவில்லை?

வினோ


பழவேற்காடு
11 பிப்ரவரி 2025

வினோ,

நவம்பர் பதினாலு.

இதை லோகநாயகி கடைப் பின்பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன். அவளைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு நம் பாடு. மூன்றாவது ஆளான தமிழ்வாணனுக்குக் காய்ச்சல். விட்டால் இன்னும் இருபத்திரண்டு நாள். மழைத் தண்ணீர் இறங்கி இறால் கூட்டமாக வந்த நேரம். உன் அண்ணன் முந்தின நாள் சாயங்காலம் ரங்கனிடம் பேசி வைத்தார். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாதே, விடியுமுன் வந்துவிடு, வெளிச்சம் வருமுன் இறக்கிவிடுகிறேன் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று தூக்கில் சோறு கட்டினேன். நெளிந்த தூக்கை ரங்கனுக்கு என்று எடுத்து வைத்தேன், வெளி ஆளுக்கு நெளிந்தது போதும் என்று. அதையும் எழுதிவிடுகிறேன்.

ரங்கனுக்கு நீச்சல் தெரியாது வினோ. இடுப்பளவு தண்ணீரில், இறால் போடும் பறியை வாயில் கவ்விக்கொண்டு, கையால் தடவிப் பிடிக்கிறவனுக்கு நீச்சல் எதற்கு?

படகு கவிழ்ந்ததும் உன் அண்ணன் கரைக்கு வந்திருக்கலாம். உன் அண்ணன் நீச்சல் உனக்குத் தெரியும். ரங்கனைத் தேடித் திரும்பிப் போனார் என்று பச்சைமுத்து அண்ணன் சொன்னார். அதைத்தான் நான் யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கிறேன். என் புருஷன் எப்படிச் செத்தார் என்று சொல்லிப் பெருமையாக அழக்கூட என்னால் முடியவில்லை.

ஊர் கூடுமுன் பச்சைமுத்து அண்ணன் ஈரத் துணியோடு வந்து என் காதில் சொன்னார். “ரங்கன் வந்தது வெளிய தெரிஞ்சா பாடு போச்சு ஜமுனா. உனுக்கும் போச்சு, எனுக்கும் போச்சு. செத்தவன் இன்னா, திரும்பியா வரப்போறான்?” எட்டாம் நாள் ஊரில் யாரோ புகை கிளப்பினார்கள். ராஜவேலு என்னை எல்லையம்மன் முன்னால் நிறுத்தி, வெளி ஆள் ஏறவில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். கொப்புளம் ஆறிவிட்டது.

நாலாம் நாள் அந்த நெளிந்த தூக்கு கரை ஒதுங்கியது. பச்சைமுத்து அண்ணன் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். மூடி திறக்கவே இல்லை. உள்ளே நான் வைத்த சோறு, வைத்தபடி. கொல்லையில் குழி தோண்டிக் கொட்டினேன். சட்டியை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்திருக்கிறேன். பட்டியல் எழுதும்போது அன்றைக்குக் கட்டிக் கொடுத்த கை, யோசிக்காமல் மூன்று என்று எழுதிவிட்டது.

அதற்கும் பிறகு வடக்கே ஆந்திரா பக்கம் கரையில் ஒரு ஆண் பிணம் ஒதுங்கியதாம். கேட்க ஆள் இல்லாமல் அங்கேயே புதைத்துவிட்டார்கள் என்று மீன் லாரிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நான் கேட்டுக்கொண்டு கருவாட்டைத் திருப்பிப் போட்டேன்.

அம்மணி இன்றைக்கும் வந்தாள். “அக்கா, உங்க வூட்டுக்காரரும் அவுரும் தோஸ்துதானே. அவுரு எங்க போறேன்னு எதனா சொல்லிக்கினு இருந்தாரா?”னு கேட்கிறாள். புருஷன் ஓடிப்போனவள் என்று அவள் ஜனமே அவளைக் கேலி பேசுகிறது. நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள்.

இப்போது சொல், நான் என்ன செய்யட்டும்? உண்மையை எழுதினால் பாடும் போகும், சத்தியம் மீறியவள் என்று ஊரும் விலக்கும். பூவிழி? நைனா செத்தால் யார் தூக்குவார்கள்?

ஜமுனா


சென்னை
15 பிப்ரவரி 2025

அண்ணி,

என்ன செய்வது என்று என்னைக் கேட்காதீர்கள். ஊர் விலக்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்காவது பக்கத்தில் ஒருவன் இருந்தான். உங்களுக்கு யாரும் இல்லை. அதனால் உபதேசம் செய்ய எனக்கு வாய் இல்லை.

அண்ணன் திரும்பிப் போனான் என்ற வரியை சிவகுமாருக்குப் படித்துக் காட்டினேன். அதற்கு மேல் படிக்க முடியவில்லை, அவர் வாங்கி மீதியைப் படித்தார். அண்ணன்மேல் எனக்குக் கோபமும் வருகிறது. ஒருவனை ஒளித்து ஏற்றிக்கொண்டு போனான். ஒளித்து ஏற்றியதால்தான் அவனை ஒளித்தே புதைக்கவும் முடிந்தது. அண்ணனை நல்லவன் என்று மட்டும் நினைத்து அழ இனி என்னால் ஆகாது. ஆனாலும் அழுகிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று இதை ராஜவேலுவுக்கே அனுப்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. என்னை வேலிக்கு வெளியே நிறுத்திய ஊரின் பாடு நாறட்டும் என்று. அதில் நீங்களும் சேர்ந்து எரிவீர்கள் என்பது அப்புறம்தான் நினைவு வந்தது. மன்னித்துவிடுங்கள்.

சிவகுமார் ஆந்திரா பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். நவம்பர் கடைசியில் ஒதுங்கிய உடல் ஒன்று இருக்கிறது. புதைத்த இடத்தில் நம்பர் போட்ட கல் நட்டிருக்கிறார்கள். போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள், இடுப்பில் கட்டியிருந்த கயிறும் அவர்களிடம் இருக்கிறது. உறவுக்காரர் வந்து அடையாளம் சொன்னால் காட்டுவார்களாம்.

வாக்குமூலத்தை இரண்டு விதமாக டைப் அடித்து இதோடு வைத்திருக்கிறேன். இரண்டிலும் இங்கிலீஷில் ஒரு பிழை கிடையாது, கோலன் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. ஒன்றில் படகில் இருந்தவர்கள் இரண்டு பேர். இன்னொன்றில் மூன்று பேர் என்று முடித்து, கோலன் வைத்து, கீழே ஒன்று இரண்டு மூன்று என்று எண் மட்டும் போட்டிருக்கிறேன். பேர்களை நான் அடிக்கவில்லை. அவற்றை எழுத வேண்டியது நீங்கள்.

எதில் கையெழுத்துப் போட்டாலும் நான் உங்களுக்கு எழுதுவேன்.

வினோ


பழவேற்காடு
27 பிப்ரவரி 2025

வினோ,

நேற்று பொன்னேரி போய் வாக்குமூலத்தை ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்துவிட்டேன். ரசீது இதோடு இருக்கிறது, பத்திரமாக வை. இங்கே வைக்க எனக்கு இடம் நிச்சயமில்லை.

முதலில் கோயிலுக்குத்தான் போனேன். அடுத்தவர் சொல்லி அவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். ராஜவேலு கடைசி வரை கேட்டார். கோபப்படவில்லை. “கற்பூரம் அணச்ச கையாம்மா இது?”னு மட்டும் கேட்டார். பேர் வாசிக்கிற நோட்டில் சிங்காரம் என்ற பேரையும் பச்சைமுத்து என்ற பேரையும் கோடு போட்டு அடித்தார்கள். பச்சைமுத்து அண்ணன் பெண்டாட்டி வந்து என் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். தூற்றட்டும் என்று நின்றேன். குழாயடியில் நான் குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொள்கிறார்கள். பூவிழியோடு யாரும் விளையாடுவதில்லை. ஏன் என்று கேட்கிறாள். உன் அத்தை மாதிரி ஆகிவிட்டோம் என்றேன்.

நைனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி சோறு போடும்போது, “அப்ப மூணு பேரு”னு சொன்னார். ஐம்பது தரம் சொல்லியிருப்பார் அன்றைக்கு.

லைட்ஹவுஸ் குப்பத்தில் மீன் காயவைக்கிற இடத்தில் கூலிக்கு ஆள் கேட்கிறார்களாம், அங்கேயும் இந்தச் செய்தி போகாமல் இருந்தால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் உன் வீட்டுக்குத்தான் மூன்று பேரும் வருவோம், சிவகுமாரிடம் சொல்லி வை. ஒன்று மட்டும் சௌகரியம். இனிமேல் நீ போனிலேயே கூப்பிடலாம். உன்னோடு பேசினால் எனக்குத் தண்டம் போட இனி யாரும் இல்லை.

வாக்குமூலத்தில் நீ விட்டிருந்த இடத்தில் என் கையால் எழுதினேன். அந்தப் படகில் மூன்று பேர் இருந்தார்கள்: சிங்காரம், பச்சைமுத்து, ரங்கன். சாமான் பட்டியலில் தூக்குச் சட்டியை இரண்டு என்று திருத்தினேன். இரண்டுதான் தொலைந்தது. ஒன்று திரும்பி வந்துவிட்டதே.

அம்மணியிடம் போன வியாழக்கிழமையே சொன்னேன், கோயிலுக்குப் போவதற்கு முந்தின நாள். வேறு யார் வாயாலும் அவள் கேட்கக் கூடாது. கொல்லையில் உட்கார்ந்து பறிக்கு ஓலை பின்னிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன். முதலிலிருந்து எல்லாம் சொன்னேன், அவள் கேட்டபோதெல்லாம் தெரியாது என்றதையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஓலையைக் கீழே வைக்கவில்லை. பின்னிக்கொண்டே, “அப்ப அவுரு ஓடிப் போவல”னு சொன்னாள். அப்புறம் பொட்டை முந்தானையால் துடைத்தாள்.

சிவகுமார் அவளைக் கூட்டிக்கொண்டு ஆந்திரா ஸ்டேஷனுக்குப் போய்வரட்டும். தனியாக அனுப்பாதே. அந்த இடுப்புக் கயிற்றைக் கட்டிவிட்டது தான்தான் என்றாள். முடிச்சைப் பார்த்தாலே சொல்லிவிடுவாளாம்.

அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்த தூக்கை எடுத்துத் தேய்த்துக் கழுவி அவள் கையில் கொடுத்தேன். ரங்கனுக்கு நான் சோறு கட்டிக் கொடுத்தது இதில்தான் என்றேன். நெளிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, “அக்கா, போறதுக்கு முன்ன அவுரு சாப்ட்டாரா?”னு கேட்டாள்.

சாப்ட்டாரு என்றேன் வினோ.

அண்ணி